நானே சொல்ல வேண்டிய சேதி

ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஏழு மாதம்தான். நாத்தனார் கல்யாணத்துக்காக என் வீட்டுக்காரரும் மாமியாரும் போடி வழியாக ஊருக்குப் போயிருந்தார்கள். தலைசுற்றல் என்று சொல்லி நான் போகவில்லை. உண்மையில் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அவர் வந்ததும் காதோடு சொல்ல வேண்டுமென்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவர்கள் போன மூன்றாம் நாள் காலையில் வயிற்றுவலி வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அங்கே இருந்த நான்கு நாளும் கனவு மாதிரிதான். மருந்து மயக்கமா, ஜன்னலை மூடிக்கிடந்த மேகமா தெரியவில்லை. கட்டில் மெல்ல மிதந்து மலைமேல் போவது போலிருக்கும். தூரத்தில் ஃபாக்டரிச் சங்கு ஊதினால், தண்ணீருக்கடியிலிருந்து யாரோ என்னைக் கூப்பிடுவது போலக் கேட்கும். அழுகைகூட வரவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று, எனக்கு என்ன ஆனதென்று டாக்டர் எழுதிய சீட்டோடு நர்ஸம்மா வந்தார். ஆலப்புழைப் பக்கத்துக்காரர். எங்களோடு பேசிப் பேசிப் பாதித் தமிழ் வந்திருந்தது. சீட்டை ஆபீஸில் கொடுத்தால்தான் லீவு. ஆபீஸில் படிப்பதை அன்றைக்கே நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் முழுக்கப் பேசுவார்கள். என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்து இறங்கினதும் யாராவது முதலில் சொல்லிவிடுவார்களே என்று நினைத்ததும், நான்கு நாள் வராத அழுகை வந்துவிட்டது.

"அவருக்கு இன்னும் தெரியாதும்மா. நானே சொல்லணும்" என்றேன்.

நர்ஸம்மா சீட்டைத் திரும்ப டாக்டரிடம் எடுத்துப் போனார். வரும்போது அது வேறு சீட்டு. இரண்டு வாரம் ஓய்வு என்று மட்டும் எழுதியிருப்பதாகப் படித்துக் காட்டினார்.

வராந்தாவில் எங்கள் லைன்காரர்கள் ஏழெட்டுப் பேர் லாரிக்குக் காத்திருந்தார்கள். என்னைக் கூட்டிப்போக வந்த கங்காணி பெண்சாதி எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டாள்.

"ஏம்மா, இந்தப் புள்ளைக்கு என்ன சீக்கு?"

எல்லாத் தலையும் திரும்பியது.

"ரெண்டு வாரம் கூடை தூக்கக் கூடாது. சூடா கஞ்சி கொடுங்க" என்றார் நர்ஸம்மா.

"அது சரி, சீக்கு என்னன்னு கேக்கேன். தொத்து வியாதின்னா நாங்க எல்லாம் ஒரே லைன்ல இருக்கோம்லா?"

"தொத்தாது. அது மட்டும் நான் உறப்பாச் சொல்வேன். பாக்கி இந்தக் குட்டியோட காரியம். நான் பறயில்லா, சொல்ல மாட்டேன்."

குரலை உயர்த்தவே இல்லை. என் தோளில் கை வைத்து லாரி வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்.

கங்காணி பெண்சாதிக்கு முகம் சுருங்கிப்போனது. மலைப்பாதையில் லாரி மேகத்துக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. ஒரு வளைவில் என் உடம்பு வெடவெடப்பதைப் பார்த்தவள், தான் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து என்மேல் போட்டாள். அதற்குப் பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

நான் வீடு திரும்பிய ஐந்தாம் நாள் அவர் வந்தார். கல்யாண வீட்டு முறுக்கும் எனக்கொரு சேலையும் கொண்டுவந்திருந்தார். மாமியார் தண்ணீருக்குப் போன நேரத்தில், அடுப்பு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை வந்ததையும் போனதையும் ஒரே மூச்சில் சொல்லும்படி ஆகிவிட்டது.

"இத்தனை நாளும் ஒத்தையிலயா வச்சிருந்த?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

பிறகு மூன்று பிள்ளைகள் பிறந்து, பேரன் பேத்தியும் எடுத்தாயிற்று. ஆனாலும் அந்த முதல் பிள்ளைக்காக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழ ஒரு பொழுது கிடைத்ததே, அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர் பேர்கூடச் சரியாகத் தெரியாத அந்த நர்ஸம்மாதான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.