கோழிக்கூட்டில் பூமிநாதன்

பூமிநாதனை நல்லவன் என்று நினைக்கிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். நான் மாரீஸ்வரியின் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முள்வேலிதான். நடந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், இன்னும் எனக்கு ஆறவில்லை.

மாரீஸ்வரி கல்லல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் வீரபாண்டியன் திருப்பத்தூர் சந்தைக்கு லோடு வண்டி ஓட்டுகிறான். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம் என்று ஒரு இடம் உண்டென்றால் அது கொல்லையில் இருக்கும் கோழிக்கூடு. நாலு பக்கமும் கம்பி வலை, மேலே தகரம். கோடைக்கு அருமையான கூடு. ஐப்பசி பிறந்துவிட்டால் வாடையும் சாரலும் வடக்கிலிருந்து நேராக உள்ளே வரும்.

இந்த வருஷம் அதில் இருந்தவை சாதாரணக் குஞ்சுகள் இல்லை. மகள் சத்தியப்பிரியாவுக்குத் தையில் தலைப்பிரசவம். பிள்ளை பெற்றவளுக்கு இளசான விடைக்கோழியை அடித்துச் சாறு வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கம் தாய்வீட்டின் கடமை. கறிக்கடைக் கோழியைக் கண்ணில் காட்டக் கூடாது. தையில் பதமாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஆவணிக் கடைசியில் அடை வைத்தாள். நல்ல பொரிப்பு. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மழைக்கு முன்னால் கூட்டைத் தயார் பண்ணினாள். பழைய எச்சத்தைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்புத் தூள் தூவி, காய்ந்த உமியைப் பரப்பினாள். கோழிகள் ஏறி உட்காரும் கம்பை உயர்த்திக் கட்டினாள். வடக்குப் பக்கத்தை அடைக்கத்தான் அந்தப் பாழாய்ப்போன பிளக்ஸ் வந்தது.

வீரபாண்டியனின் தம்பிதான் பூமிநாதன். செக்காலையில் செல்போன் கடை. ஆவணி முதலில் குலசாமி கோயிலில் மகள் அக்ஷராவுக்குக் காது குத்தினான். ஊர் முகப்பில் வீட்டைவிடப் பெரிய பிளக்ஸ். பிள்ளையின் படம் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் கூலிங் கிளாஸும் காதில் போனுமாக இவன் நடந்து வருகிறான். காது குத்தியது யாருக்கென்றே சந்தேகம் வரும். விழா முடிந்ததும் அதைக் கழற்ற நாதியில்லை. காற்றில் விழுந்து ரோட்டில் கிடந்தது. விழுந்த பிளக்ஸ் எடுத்தவருக்குத்தான் சொந்தம். ஊரில் பாதி வைக்கோல் படப்பு அப்படித்தான் நனையாமல் நிற்கிறது.

மாரீஸ்வரி எடுத்துவந்து, மேலே காற்றுக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு, வடக்குப் பக்கம் இழுத்துக் கட்டினாள். கொழுந்தன் முகம் கோழிக்கூட்டில் வெளியே தெரிந்தால் மரியாதை இல்லையே என்று படத்தை உள்பக்கம் திருப்பிவிட்டாள். மரியாதை பார்த்துத்தான் கெட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழம்புக்குச் சேவல் பிடிக்க வந்த பூமிநாதன் கூட்டுக்குள் தலையை விட்டான்.

"மதினி! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீக?"

"மழைக்குத்தான் தம்பி. வெளிய தெரியக் கூடாதுன்னு திருப்பிக் கட்டிருக்கேன்."

"கோழி பூராம் என் மூஞ்சியில பேண்டு வச்சிருக்கு! வேணும்னே செஞ்சிருக்கீக."

"கோழிக்கு என்ன தம்பி தெரியும்? மழை முடியவும் கழுவித் தாரேன். குஞ்சு கெடக்கு, நம்ம சத்தியாவுக்கு வளக்கிறது."

அவன் காதில் விழவே இல்லை. கயிற்றை அறுத்து, கிழித்து, சுருட்டி பைக்கில் செருகினான். அந்தக் கோபத்திலும் சேவலை மறக்கவில்லை. காலைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போனான். அண்ணன்காரன் அவ்வளவு நேரமும் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் மேகம் கறுத்தது. மாரீஸ்வரி உரச் சாக்குகளைக் கோத்துக் கட்டினாள். குஞ்சுகளை மட்டுமாவது வீட்டுக்குள் வைக்கிறேன் என்று புருஷனிடம் கேட்டாள்.

"வீட்டுக்குள்ள கோழியா? நாத்தம் கொடலப் பிடுங்கும். ஒரு ராத்திரிக்கு ஒண்ணும் ஆகாது."

என்னிடம் கேட்டிருந்தால் ஒரு மூலை கொடுத்திருப்பேன். சொந்த வீட்டில் இடமில்லை என்று வெளியே சொல்ல அவளுக்கு ரோஷம்.

விடிந்து பார்த்தால் சாக்குகள் பிய்ந்து கிடந்தன. இறகு பாதி முளைத்த குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி விறைத்துப் போயிருந்தன. தாய்க்கோழியின் அடியில் இரண்டு மட்டும் உயிரோடு இருந்தன. நான் அழுதேன். அவள் அழவில்லை.

வீரபாண்டியன் வந்து எட்டிப் பார்த்தான். "கோழிதான போச்சு. தையில கறிக்கடையில வாங்கிக்கிருவம்."

மாரீஸ்வரி அந்த இரண்டு குஞ்சுகளையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தாய்க்கோழியைக் கொண்டுபோனாள். மிச்சக் கோழிகளையும் உள்ளே விரட்டினாள். டைல்ஸ் போட்ட தரையில் ஒரு மூட்டை உமியைக் கொட்டினாள். டிவிக்குக் கீழே கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தை வைத்தாள். பிறகுதான் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மழை முடியிற வரைக்கும் கோழி இங்கதான். நாத்தம் பொறுக்கலைன்னா வண்டியில போயிப் படுத்துக்கிருங்க."

அவன் அன்றிலிருந்து வண்டியில்தான் படுத்தான். நன்றாகப் படுக்கட்டும்.

அடுத்த ஞாயிறும் மழை. பூமிநாதன் தொப்பலாக நனைந்து வந்து வாசலில் நின்றான். சோபாவில் கோழி, நாற்காலியில் கோழி.

"என்ன மதினி, ஒதுங்கக்கூட எடமில்லாமப் பண்ணிட்டீக?"

"உள்ள எடமில்ல தம்பி. கூடு சும்மாதான் கெடக்கு. அங்குட்டுப் போயி நில்லுங்க" என்று சொல்லி மாரீஸ்வரி கதவைச் சாத்தினாள்.

அவன் என் வீட்டுப் பக்கம் திரும்பினான். நானும் சாத்தினேன். மழை வலுத்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூமிநாதன் குனிந்து கோழிக்கூட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தான். வடக்கிலிருந்து சாரல் நேராக அவன் முகத்தில் அடித்தது.