மாரிச் சேற்றில் நெடுந்தீவு: குதிரை பார்க்கப் போன மூன்று டீச்சர்மார்

நெடுந்தீவுக் குதிரைகளை மழைக்காலத்தில் போய்ப் பார்க்கலாமா என்று போன பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். பார்க்கலாம். ஆனால் நான் போய் வந்த கதையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எழுபதுகளின் நடுப்பகுதி, கார்த்திகை மாதத்துப் பௌர்ணமிப் போயா விடுமுறை நாள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஊர் சாவகச்சேரி. கரம்பொன்னில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். றீற்றா, ஊர்காவற்துறைக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, சின்ன வகுப்பு டீச்சர். மற்றவள் சந்திரா, பதுளைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த விஞ்ஞான டீச்சர். சந்திராவும் நானும் ஒரே வீட்டில், ஒரே அறையில், மூன்று வருடமாக வாடகைக்கு இருந்தோம். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர் என்று சொல்லியிருந்தாள். அதற்கு மேல் வீட்டுக் கதை அவள் வாயிலிருந்து வராது. மலைக் கதை மட்டும் வரும். லீவு நாளில் சிநேகிதிகளோடு ஏறும் மலை, முழங்கால் வரை சேறு, அட்டை கடிக்காமல் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வது, உச்சிக்குப் போனால் மேகத்துக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் நிற்பது. கேட்கக் கேட்க எங்களுக்கு ஆசையாக இருக்கும். தீவுப் பகுதியில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? பனைமரம்தான்.

தை மாதத்திலிருந்து சந்திராவுக்குச் சொந்த இடத்துக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. போவதற்கு முன் குதிரைகளைப் பார்க்க வேண்டும் என்றாள். "இது மாரி காலம். வெட்டை முழுக்கச் சேறாக் கிடக்கும்" என்று றீற்றா சொன்னாள். "சேறுதானே, அது எனக்குப் பழக்கம்" என்று சந்திரா சிரித்தாள். வெட்டை என்பது நெடுந்தீவின் தெற்கே கிடக்கும் மரமில்லாத பெரிய புல்வெளி. குதிரைகள் நிற்பது அங்கேதான்.

காலை ஐந்தரைக்குக் கரம்பொன்னில் பஸ் ஏறினோம். வேலணை வங்களாவடிச் சந்தியில் மாறி, புங்குடுதீவுப் பாலம் தாண்டி, குறிகட்டுவான் துறைக்கு ஏழேகால். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஆளுக்கு அறுபது சதம். ஏழரை மணி லோஞ்ச், அதாவது மோட்டார் படகு, எட்டு மணிக்குப் புறப்பட்டது. டிக்கெட் ஒரு ரூபா. காற்று அவ்வளவாக இல்லை, ஆனால் வானம் இருண்டு கிடந்தது. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட ஓடியது. எனக்கு மட்டும் தலை சுற்றியது. றீற்றா லோஞ்சின் விளிம்பில் குந்தியிருந்து விசுக்கோத்து சாப்பிட்டாள்.

நெடுந்தீவுத் துறையில் சின்னராசா அண்ணை என்பவரின் மாட்டு வண்டியைப் பிடித்தோம். போக வர மூன்று ரூபா. அவர் எங்களைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"மூண்டு பொம்பிளைப் பிள்ளையள் தனியவோ? வீட்டில சொல்லிப்போட்டே வந்தனியள்?"

"ஓம் அண்ணை, சொல்லிப்போட்டுத்தான்" என்றாள் றீற்றா. அது பாதி உண்மை. நெடுந்தீவு மாதா கோயிலுக்குப் போவதாகத்தான் அவள் வீட்டில் சொல்லியிருந்தாள்.

"மூண்டு மணி லோஞ்சை விட்டால் நாளைக்குத்தான். அதை நினைவில வச்சுக்கொள்ளுங்கோ."

அது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு இரவு வெளியே தங்கிவிட்டு வந்தால் ஊர் என்ன கதைக்கும் என்பதும் தெரியும். சந்திராவுக்கு மாற்றல், அவள் போய்விடுவாள். றீற்றாவும் நானும் அங்கேயே இருக்க வேண்டியவர்கள்.

பவளப்பாறையான முருகைக்கல்லை அடுக்கிய வேலிகளுக்கு நடுவே மூன்றரை மைல் வண்டி போனது. பத்தே காலுக்குப் பாதை முடிந்தது. அதற்கு அப்பால் மாட்டுக்கும் ஏலாது, வண்டிச் சில்லுக்கும் ஏலாது. "நான் இஞ்ச இருக்கிறன். இரண்டு மணிக்கு மேல நிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு அண்ணை சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டார்.

செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டோம். முதல் கால் மைலுக்குள் நான் இரண்டு தடவை விழுந்தேன். சந்திரா மூன்று தடி முறித்து வந்தாள். எப்படி நடப்பதென்று காட்டினாள்: குதிக்காலை முதலில் வைக்காமல் முழுப் பாதத்தையும் வைக்க வேண்டும், தடியால் குத்திப் பார்த்த பிறகே அடுத்த அடி. வகுப்பில் கூட அவள் அவ்வளவு சந்தோசமாகப் படிப்பித்து நான் பார்த்ததில்லை. மழை வேறு தொடங்கிவிட்டது.

பதினொன்றரைக்குக் குதிரைகளைக் கண்டோம். முப்பது வரை இருக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டமாக நின்றன, மழையில் நனைந்து கறுத்துப் போய். மட்டக் குதிரைகள்தான், என் தோளளவு உயரம். குட்டிகளை நடுவில் விட்டிருந்தன. நாங்கள் நூறு அடி தள்ளி நின்றோம். ஒரு குட்டி மட்டும் கூட்டத்தை விட்டு வெளியே வந்து எங்களைப் பார்த்தது. பிறகு பின்னங்காலால் சேற்றை உதறிவிட்டு ஓடியது. மூன்று பேரும் நின்ற நிலையிலேயே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். சோற்றுக்குள் மழைத் தண்ணீர். அதைவிட ருசியான சாப்பாடு அந்த வருடம் நான் சாப்பிடவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பினோம். அரை மைல் நடந்திருப்போம், பின்னால் றீற்றாவின் அலறல் கேட்டது.

மலைச் சேற்றுக்கும் வெட்டைச் சேற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை அப்போதுதான் அறிந்தோம். இங்கே சேற்றுக்கு அடியில் முருகைக்கல். கல்லுக்கு நடுவே குழிகள். றீற்றாவின் வலது கால் கெண்டை வரை ஒரு குழிக்குள் போய்ச் சிக்கியிருந்தது. இழுத்து எடுத்தபோது கணுக்கால் பந்து மாதிரி வீங்கத் தொடங்கிவிட்டது. நிலத்தில் வைக்கவே முடியவில்லை. வண்டிக்கு இன்னும் ஒரு மைலுக்கு மேல். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனிதர் இல்லை.

நான் ஒரு பக்கம், சந்திரா ஒரு பக்கம் தாங்கிப் பார்த்தோம். பத்து அடிக்குள் மூன்று பேரும் சேற்றில். றீற்றா அழத் தொடங்கிவிட்டாள். நோவுக்கு அல்ல, அம்மாவுக்குப் பயந்து.

"டீச்சர், பைக்குள்ள இருக்கிற சேலைய எடுங்க" என்றாள் சந்திரா. நனைந்தால் மாற்றுவதற்கென்று நான் கொண்டு வந்த நூல் சேலை அது.

அவள் அதை நீளவாக்கில் மடித்து, முறுக்கி, இரண்டு நுனியையும் முடிச்சுப் போட்டாள். பெரிய வளையம் மாதிரி ஆனது. ஒரு பக்கத்தை றீற்றாவின் தொடைக்குக் கீழே கொடுத்து, மறுபக்கத்தைத் தன் தலையின் முன்பக்கத்தில் போட்டு, அதற்கு அடியில் பையிலிருந்த துவாய்த் துண்டை மடித்து வைத்தாள். ஒரு கணமும் யோசிக்காமல் செய்தாள். கை தானாக வேலை செய்தது.

"என் தோளப் புடிச்சிக்குங்க. பின்னுக்குச் சாயாதீங்க."

"உமக்கு என்னைத் தூக்க ஏலாது சந்திரா. நான் தொண்ணூறு றாத்தல்."

"மழையில நனைஞ்ச கொழுந்துக் கூடையும் லேசு இல்லீங்க."

சொல்லிவிட்டு முன்னால் குனிந்து எழுந்துவிட்டாள். றீற்றா அவள் முதுகில். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துத் தெரிந்தது. நான் பைகளைத் தூக்கிக்கொண்டு, தடியால் குத்திக் குத்தி வழி பார்த்து முன்னால் நடந்தேன்.

சிறிது தூரம் போனபின் பின்னாலிருந்து றீற்றாவின் குரல் வந்தது. "கொழுந்தோ? உம்மட அப்பா கிளாக்கர் எண்டெல்லோ சொன்னனீர்?"

சந்திராவின் பதில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல்லாக வந்தது. "அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுறவர். அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. லீவுல நானும் எடுத்திருக்கேன். கிளாக்கர்னு சொன்னது பொய்."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா, அந்த வீட்டுல எனக்கு ரூம் குடுத்திருப்பாங்களா?"

கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கு அது தெரியும். அதைவிட இன்னொன்றும் தெரியும். ஒரு நாள் ஆசிரியர் அறையில் ஒரு வாத்தியார், கணக்கு வராத பையனைத் "தோட்டக்காட்டு மூளை" என்று, மலைத் தோட்டத்து ஆட்களை இழிவுபடுத்தும் சொல்லால் திட்டினார். சந்திரா தலை நிமிராமல் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். நானும் தலை நிமிராமல் கொப்பி திருத்தினேன்.

"சந்திரா," என்றேன், திரும்பிப் பார்க்காமல். "அண்டைக்கு அந்த மனுசன் அப்பிடிச் சொல்லேக்க நான் வாய் திறந்திருக்க வேணும்."

"பாத்து நடங்க டீச்சர். முன்னாடி குழி."

உண்மையாகவே குழிதான். சுற்றிக்கொண்டு போனோம்.

நாலு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். ஒரு தடவை நான் மாறித் தூக்கிப் பார்த்தேன். எட்டு அடி போகுமுன் கழுத்து முறிந்துவிடும் போலிருந்தது. றீற்றா என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "நீர் சேத்துக்குள்ள போட்டு என்னைக் கொல்லப் போறீர், இறக்கும்" என்றாள். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சந்திரா சிரித்துக்கொண்டே மறுபடி குனிந்தாள்.

வண்டிக்கு வந்தபோது இரண்டே கால். அண்ணை போகவில்லை. காலைப் பார்த்தவர் றீற்றாவைத் தூக்கி வண்டியில் வைத்தார். மாட்டை விரட்டி விரட்டித் துறைக்கு வர மூன்றே கால். லோஞ்ச் போயிருக்கும் என்று நினைத்தோம். அது கட்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. கடல் பொல்லாததாகிவிட்டதால் அன்று லோஞ்ச் இல்லையாம். அவ்வளவு ஓட்டமும் வீண். மற்றப் பயணிகளோடு நாங்களும் தங்க வேண்டியதாயிற்று. கோயிலடியில் ஒரு அக்கா வீட்டில் இடம் தந்தார். காலுக்கு எண்ணெய் பூசி, எங்களுக்குச் சூடாகக் கஞ்சி வார்த்தார். காசு கொடுக்கப் போனால் கோபித்தார்.

அடுத்த நாள் முதல் லோஞ்சில் வந்து, றீற்றாவை ஊர்காவற்துறையில் அவள் வீட்டுக்குக் கூட்டிப் போனோம். அவளுடைய அம்மா வாசலிலேயே நின்றார்.

"எடி, ராத்திரி முழுக்க நான் கண் மூடேல்லை. கோயிலுக்குப் போன ஆளுக்கு உடம்பெல்லாம் சேறோ?"

றீற்றா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். யார் தூக்கியது, எப்படித் தூக்கியது, எவ்வளவு தூரம் என்பது வரை. அம்மா சந்திராவை அருகே கூப்பிட்டு இடுப்பு நாரியைத் தடவிப் பார்த்தார்.

"நோகேல்லையோ பிள்ளை?"

சந்திரா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள். "பழக்கந்தாம்மா. எங்கம்மா தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க. தினமும் கூடை சுமக்கிறாங்க."

"கூடையோ? நானும் கூடைதான் பிள்ளை. பத்து வருசம் மீன் கூடையைத் தலையில வச்சுக்கொண்டு வேலணைச் சந்தைக்கு நடந்தனான்." அவ்வளவுதான். உள்ளே போனார். ஒரு பெரிய கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தார். "தையில வீட்டை போகேக்க இதை அம்மாட்டைக் குடும். அவவின்ரை பேர் என்ன?"

"முத்தம்மா."

றீற்றா பொட்டலத்தின் மேல் பென்சிலால் அந்தப் பெயரை எழுதினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று வருடம் ஒரே அறையில் படுத்து எழும்பியவள் நான். அந்தப் பெயரை அன்றுதான் முதல் தடவை கேட்கிறேன். அவள் மறைத்தாள் என்று சொல்லித் தப்பவும் முடியாது. நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

இனிப் போகிறவர்களுக்குச் சில விசயங்கள். குதிரை மட்டும்தான் நோக்கம் என்றால் மாசி, பங்குனியில் போங்கள், கால் நனையாமல் பார்க்கலாம். மாரியில்தான் போவேன் என்றால் காலையிலேயே கடல் எப்படி என்று துறையில் கேளுங்கள். ஒரு இரவு தங்க நேரும் என்று நினைத்துக்கொண்டே புறப்படுங்கள். வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். வெட்டையில் தடியில்லாமல் நடக்க வேண்டாம், பச்சையாக வழவழவென்று தெரியும் இடத்தில்தான் குழி அதிகம். குதிரைகளுக்குக் கிட்டப் போகாதீர்கள், குட்டியோடு நிற்கும் தாய் உதைக்கும். ஒரு நீளமான நூல் சேலை கொண்டு போங்கள். நைலெக்ஸ் சேலை வழுக்கும். நான் சொன்ன கட்டணங்களை நம்பிக் காசு எடுத்துப் போகாதீர்கள், அது அந்தக் காலம்.

றீற்றாவின் கால் மூன்று கிழமையில் சரியாகிவிட்டது. ஊர் கொஞ்சம் கதைத்தது, பிறகு விட்டுவிட்டது. தை மாதம் சந்திரா போகும்போது என் கொப்பியில் விலாசம் எழுதித் தந்தாள். அதுவரை வீட்டிலிருந்து அவளுக்கு வந்த கடிதங்களில் அனுப்பியவர் விலாசமாக இருந்தது பதுளை டவுனில் ஒரு கடை. இதில் தோட்டத்தின் பெயர், டிவிசன், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் இலக்கம் எல்லாம் இருந்தன. அந்த விலாசத்துக்கு நான் எழுதிய முதல் கடிதத்தின் முதல் வரியில் முத்தம்மா அம்மாவின் சுகம் கேட்டேன்.