கென்யா ஆடாத ஆட்டங்கள்

சுருளிவேல் அண்ணன் போய்விட்டார் என்ற சேதி வந்தபோது நான் கடையில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவிதான் பேசினார். "தம்பி, விடியக்காலமே அவரு போயிட்டாரு. வெரசா வாங்க." எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. இனி அவரிடம் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்கிற நிம்மதி. அவரை அறிந்தவர்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். "கடைசிவரைக்கும் கூட நின்ன மனுசன்" என்று இழவு வீட்டில் என் கையைப் பிடித்துச் சொன்னீர்களே, அந்த மனுசன் செய்த காரியம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

போடியில் ஒரே கடையில் இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து வேலை பார்த்தோம். மலையிலிருந்து ஜீப்பில் மூட்டை வந்து இறங்கினால் மேலாக ஒரு கை அள்ளிப் பார்த்துத் தரம் சொல்லிவிடுவது என் வழக்கம். அண்ணன் முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து எடுப்பார். "மேல கெடக்கிற காயி பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி தம்பி, சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். அடியில கையக் குடு" என்பார். முதலாளி அவசரப்படுகிறார் என்றால், "அவசரப்படுறது அவரு சோலி" என்பார்.

அவருக்கு ரக்பிப் பித்து பிடித்தது துபாயில். மகன் அங்கே ஹோட்டலில் வேலை பார்க்கிறான். பார்க்கப் போன அப்பாவை ஒரு நாள் மைதானத்தில் உட்கார வைத்துவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான். பக்கத்தில் இருந்தவர் கென்யாக்காரர். அண்ணன் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் ஏலக்காயில் நாலை எடுத்து அவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் மென்று பார்த்துவிட்டு, அண்ணனைத் தோளோடு அணைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார். அன்று கென்யா தோற்றது. "தோக்கிறவன் பக்கமும் ஒரு ஆளு உக்காந்திருக்கணும்ல தம்பி" என்று சொல்லிக்கொண்டே ஊர் திரும்பினார்.

செவன்ஸ் ரக்பி என்பது சின்ன ஆட்டம். அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். பந்தோடு முன்னால் ஓடி எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால் புள்ளி. ஆனால் கையால் கொடுப்பதென்றால் பின்னால் வருபவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஒரு வருடப் போட்டி ஹாங்காங், துபாய், லண்டன் என்று ஊர் ஊராக நடக்கும். பட்டியலில் அடியில் கிடக்கும் அணி அடுத்த வருடத்துக்கான இடத்தையே இழந்துவிடலாம். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நான் பாதிக் காதில்தான் கேட்டேன்.

பிறகு சர்க்கரை அவர் கண்ணைக் கொண்டுபோனது. வேலையை விட்டு சிலமலையில் வீட்டோடு இருந்தார். போட்டி நடந்த வாரங்களில், திங்கட்கிழமை சாயங்காலம் கடை முடிந்ததும் பஸ் ஏறிப் போய் நான் போனில் பார்த்த ஆட்டத்தை அவருக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. "யாரு செயிச்சான்னு சொல்லாதே. எப்பிடி ஓடுனாங்கன்னு சொல்லு" என்பார்.

அந்த வருடம் லண்டனில், இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள கென்யா கனடாவை வென்றாக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்து ஊரான தேவாரத்தில் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்தேன். மறுநாள் அண்ணன் வாசலிலேயே கேட்டார். "என்னாச்சு தம்பி?"

"நம்ம ஆளுக தப்பிச்சுட்டாங்கண்ணே" என்றேன். பார்க்கவில்லை என்று சொல்லச் சோம்பல், அவ்வளவுதான். அவர் மனம் நோகக்கூடாது என்று சொன்ன பொய் என்று யாரும் எனக்குப் பரிந்து பேச வேண்டாம்.

"எப்பிடி? சொல்லு, சொல்லு."

"கடைசி நிமிசம்ணே. மூணு பேரு மறிச்சுட்டாங்க. நம்ம பய முன்னால நின்னவனுக்குத் தூக்கிப் போட்டான். அவன் ஓடிப்போயி கோட்டுக்கு அங்கிட்டு வச்சுட்டான்."

அண்ணன் முகம் சுருங்கியது. "முன்னாலயா போட்டான்? ரெஃபரி எப்பிடிப்பா விட்டான்?"

அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. முன்பின் தெரியாத ஒரு ரெஃபரியைத்தான் சந்தேகப்பட்டார். மாதக்கணக்கில் அதையே சொல்லி வருந்தினார். "இப்பிடியா செயிக்கணும்? அந்தக் கனடாப் பயலுக பாவம்ல."

அன்று திரும்பும் பஸ்சிலேயே போனைத் திறந்து பார்த்தேன். கென்யா தோற்றிருந்தது. அடுத்த வருடத்துக்கு இடமில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்திருக்கலாம். நான் இறங்கவில்லை.

அதனால் அடுத்த வருடப் போட்டி முழுவதும், ஆடாத கென்யாவை நானே ஆட வைத்தேன். சந்தேகம் வராமலிருக்க ஒரு ஊரில் ஜெயிக்க வைத்தேன், இரண்டு ஊரில் தோற்க வைத்தேன். நடக்காத தோல்விகளுக்கு அவர் உண்மையாகவே கலங்கி, "விடு தம்பி, ஏறி வந்துருவாங்க" என்று என் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார். மதினி பணியாரத் தட்டை நீட்டிக்கொண்டே, "நீங்க வர்ற அன்னைக்குத்தான் இவரு சட்டை மாத்துறாரு தம்பி" என்றார். நான் பணியாரம் தின்றேன்.

பிறகு அந்த ஜூன் வந்தது. இடம் இழந்த அணிகளுக்கான கீழ்மட்டப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்த கென்யா, ஸ்பெயினில் நடந்த தகுதி ஆட்டத்தில் வென்று இழந்த இடத்தை மீட்டுக்கொண்டது. அதை நான் போனில் முழுதாகப் பார்த்தேன். பார்த்து அழுதேன். மறுநாள் பஸ்சை விட்டு இறங்கி, அவர் வீடு வரை ஓடினேன்.

"என்ன தம்பி, இப்பிடி மூச்சு வாங்குது?" என்றார்.

வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது. அவரைப் பொறுத்தவரை கென்யா விழவே இல்லை. விழாதவன் எழுந்துவிட்டான் என்று எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்லண்ணே, வெயிலு" என்றேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்து, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பொய்யைக் கேட்ட அதே முகத்தோடுதான் அதையும் கேட்டார்.

அவர் நினைவாக அவர் வீட்டிலிருந்து நான் எதையும் எடுத்துவரவில்லை. என்னிடம் இருப்பது அந்த ஜூன் மாத ஆட்டம் ஒன்றுதான். முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை மனப்பாடம். தோற்றவர்களோடு அத்தனை காலம் உட்கார்ந்திருந்த மனிதனுக்குக் கிடைக்க வேண்டிய ஒரே வெற்றி அது. அவருக்குச் சொல்லாமல் நான் வைத்துக்கொண்டேன்.