கரடி வரைக்கும் போன மருந்து

போன ஆனி மாதம் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெயில் நாட்டு வயலில் அடிக்கிற பூச்சிமருந்து ஆவியாகிக் காற்றோடு கடல் தாண்டுமாம். குளிர் கண்ட இடத்தில் இறங்குமாம். மீன் கொழுப்பில் தங்கி, கடைசியில் பனிக்கரடி உடம்பில் போய்ச் சேருமாம். கரடிக்கே அந்தக் கதியென்றால் சங்கரன்கோவிலில் இருக்கிற என்னை விட்டுவைக்குமா? ஜன்னல்களை அடைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்குத் தார்ப்பாய் கட்டினேன். மத்தியானம் மாஸ்க்கோடு தூங்கி, மூச்சு முட்டி எழுந்து, "விஷம் வந்துட்டு!" என்று அலறினேன். மாஸ்க் பாதி வாய்க்குள் இருந்தது.

அதே மாஸ்க்கோடு இளையரசனேந்தல் பக்கம் இருந்த அண்ணனைப் பார்க்கப் போனேன். ஆயுசு முழுக்கப் பருத்திக்கு மருந்தடித்தவர். மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டியதில்லை. நெஞ்சு கெட்டு, ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் கிடந்தார். டாக்டர் கைவிரித்துவிட்டார். நான் வாசல் பக்கமாக நாற்காலி போட்டுக்கொண்டேன்.

"மாஸ்க்கக் கழத்தாதிய தம்பி," என்றாள் மதினி, காபியை நீட்டியபடி. "இங்கன மூச்சு இல்லாம ஒருத்தர் கெடக்காரு. இருக்க மூச்ச நீங்களாவது பூட்டி வைங்க."

பேச்சை மாற்றக் கரடிக் கதையை எடுத்தேன். அண்ணன் கண்ணில் வெளிச்சம் வந்தது.

"ஏலே, நான் அடிச்ச மருந்தா அங்கன போயிருக்கு?"

"இருக்கும்ணே."

"நான் மதுரையத் தாண்டுனதில்ல. அது பாஸ்போர்ட் இல்லாம போயிருக்கு பாரு!"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, உதடு நீலம் பாரித்தது. மதினி முதுகைத் தடவினாள். நான் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன்.

அதையும் பார்த்துவிட்டார். "எங்கனலே ஓடுத? என்னைய எரிக்கத்தான போறிய. புகையா வந்து உன் மூக்குலயே ஏறுவேம்லே."

ஆடி பிறக்குமுன் போய்விட்டார். சுடுகாட்டில் மற்றவர்கள் அழுதார்கள். நான் காற்று பார்த்தேன். மேற்கிலிருந்து மேல்காற்று விளாசியது. மேற்கே நின்றால் புகை அண்டாது. மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு அங்கே போய் நின்று, என் மூளையை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது காற்று நின்றது. புகை எழும்பியது. கொஞ்சம் யோசித்தது. நேரே என்னிடம் வந்தது.

"அண்ணே, போதும்ணே," என்றேன். இருமல் பிடித்துக்கொண்டது, அச்சு அசல் அவருடைய இருமல்.

"கூடப் பொறந்த பாசம்லா, நெஞ்ச அடைக்கு," என்று யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

குடிக்க மாஸ்க்கைக் கழற்ற வேண்டியிருந்தது.