நைனா பக்கத்து இடம்

இன்று காலை மந்தைவெளியில் என் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். வாசலில் ஒரு பையன் அவன் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, விடவே மாட்டேன் என்று அழுதான். என் மகளோ வண்டியிலிருந்து குதித்து, சிநேகிதியோடு கைகோத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டாள். பிள்ளைகளே, சிரிக்காதீர்கள். அந்த அம்மாவைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

பக்கத்தில் நின்ற ஸ்கூல் ஆட்டோவிலிருந்து பெட்ரோலும் எலுமிச்சை சாதமும் கலந்த வாசனை வந்தது. அது என் அப்பாவின் வாசனை. நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவரும் ஸ்கூல் ஆட்டோ ஓட்டியவர்தான். பின் சீட்டிலும் எதிரே போட்ட பலகையிலும் மற்ற பிள்ளைகள். டிரைவர் சீட்டில் அவரை ஒட்டிக்கொண்டு நான். ஹாரன் அடிப்பது என் வேலை. அது என்னவோ ஆட்டோவையே நான் ஓட்டுவதுபோல ஒரு நினைப்பு.

ஒரு வருஷம் பாபு வந்து சேர்ந்தான். அவன் அப்பா துபாயில். ஆட்டோவில் ஏற்றினாலே தெரு கூடிவிடும், அப்படி அழுவான்.

"கண்ணு, நீ பின்னால குந்து. இவன் என்கூட வரட்டும்" என்றார் நைனா.

என் இடம்! என் ஹாரன்! மறுநாள் நானும் அழுது பார்த்தேன். கண்ணீர்தான் வரவில்லை. பலகையிலிருந்த மீனா கத்தினாள்.

"ஆட்டோ மாமா, உங்க புள்ள எச்சி தொட்டுக்கினு அழுவுறான்!"

நைனா சிரித்துவிட்டார். "உனுக்கு இன்னாடா? உன் நைனா இங்கயே கீறேன். அவன் நைனா எங்க கீறாரு, சொல்லு?"

புரிந்தது. ஆனாலும் வயிறு எரிந்தது. பாபுவின் பிடரியையே முறைத்துக்கொண்டு போவேன். பிறகு மீனா என்னை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டாள். எதிரே வரும் பஸ்ஸின் நம்பரை யார் முதலில் சொல்கிறாரோ அவருக்கு ஜெயம். முறைக்க நேரமில்லாமல் போயிற்று.

பாபுவின் அழுகையும் மெல்ல நின்றது. ஒருநாள், "ஆட்டோ மாமா, நானும் பின்னால போறேன்" என்று வந்து எங்கள் நடுவில் நுழைந்துகொண்டான்.

நைனா தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். "வாடா, உன் சீட்டு காலி."

"நீ போ நைனா. நான் இங்கயே குந்திக்கிறேன்."

நைனா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். ஹாரனை அவரே அடித்துக்கொண்டு ஓட்டினார்.

பின்னால் கும்மாளமடித்த எங்களைப் பார்த்து அவருக்கும் பொறாமை வந்திருக்குமோ? கேட்கலாமென்றால், டிரைவர் பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்த காலமும் போய்விட்டது, அந்த ஆட்டோவும் போய்விட்டது. நைனா எங்கே போய்விடப் போகிறார் என்ற தைரியத்தில்தான் அன்று நான் பின்னாலேயே இருந்தேன். அவரும் போய்விட்டார்.