தட்டுக்குள் தம்பி

ஆய்வகத்தில் அவளை ஆந்தை என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பகலில் கறுப்புத் திரை போட்ட அறைக்குள் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிருள்ள செல்களுக்குள் ஒரு சாயத்தை ஏற்றுவாள். செம்பு இருந்தால் அது பச்சையாக ஒளிரும். இல்லாவிட்டால் இருண்டே கிடக்கும். எத்தனையோ தட்டுகளைப் பார்த்த கண் அது. ஆனால் அன்று தட்டில் இருந்தவை அவள் தம்பியின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள்.

அவன் உடம்புக்குச் செம்பை வெளியே தள்ளத் தெரியாது. ஈரல் பாதி கெட்டாயிற்று. இருக்கிற மருந்துகள் எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

"பழைய பாத்திரக் கடையில என்னை எடைக்குப் போட்டுடுக்கா" என்பான்.

மிச்சமிருந்தது சோதனையில் இருக்கும் ஒரு புது மருந்துதான். அது அவன் செல்களில் செம்பைக் குறைத்தால் மட்டுமே டாக்டர் கொடுக்க யோசிப்பார்.

"வேற யாராவது பாக்கட்டுமாம்மா?" என்று தலைமை ஆய்வாளர் கேட்டார்.

"இல்ல மேடம், நானே பாக்கறேன்."

மருந்தைச் சொட்டிவிட்டுக் கண்ணை வைத்தாள். வைத்த கண்ணை எடுக்கவில்லை. பச்சை மெல்ல மங்கியது. உடனே தம்பியைப் போனில் கூப்பிட்டாள். "இறங்குதுடா!"

தலைமை ஆய்வாளர் உள்ளே வந்து பார்த்தார். "நடுநடுவுல லைட்ட மூடினியா?"

வெளிச்சம் விடாமல் பட்டால் சாயம் வெளுத்துப்போகும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுப்பது அதுதான். தட்டை மயிரிழை நகர்த்தினாள். வெளிச்சம் படாத பக்கத்துச் செல்கள், அதே மருந்தில் ஊறியபடியே, பச்சைப்பசேலென்று எரிந்தன. குறைந்தது செம்பு அல்ல. ஆசையோடு பார்த்த பார்வை, பார்த்ததையே அழித்திருந்தது.

"இன்னொரு தட்டு போட்டுப் பாக்கலாம்மா."

"போடலாம் மேடம்" என்றாள். என்ன வருமென்று இருவருக்குமே தெரியும்.

கைப்பேசி அடித்தது. தம்பி.

"அக்கா, அம்மாகிட்ட சொல்லிட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டாங்க."

"டேய்... நான் தப்பாப் பாத்துட்டேன்டா. செம்பு அப்படியேதான் இருக்கு."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் குறைந்தது.

"சரி விடு" என்றான். "அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவள் நுண்ணோக்கியின் வெளிச்சத்தை மூடினாள். அவன் போனை வைக்காமல் காத்திருந்தான்.