புகைபோக்கி கலாஸ்

குவைத்தில் புகைபோக்கி சுத்தம் செய்கிற வேலை பார்த்தேன் என்றால் இன்றைக்கும் ஊரில் சிரிக்கிறார்கள். அந்த வெயிலில் எவனய்யா கணப்பு மூட்டுவான், அளக்காதே என்கிறார்கள். அவர்கள் குவைத்தின் டிசம்பரைப் பார்த்ததில்லை. காலையில் வாளித் தண்ணீரில் கைவைக்க முடியாது. காற்று போர்வைக்குள் புகுந்து எலும்பைப் பிடிக்கும். பனி கொட்டுகிற தேசத்திலிருந்து வந்த வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட பங்களாக்களில், அவர்கள் ஊர் வழக்கப்படியே ஹாலில் ஒரு கணப்பு அடுப்பும் கூரைக்கு மேலே ஒரு புகைபோக்கியும் வைத்துவிட்டார்கள். எழுபதுகளின் நடுவில் நான் போய்ச் சேர்ந்தபோது அவர்களில் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். அந்த வீடுகளில் நம் நாட்டு எஞ்சினியர்கள் குடும்பத்தோடு குடியிருந்தார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று இத்தனை வருஷம் நானும் கூடச் சிரித்துவைத்தேன். மேற்கொண்டு கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த வேலையில் ஓர் உயிர் போயிற்று. அதில் என் பங்கு என்ன என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் கொத்தனார். புதுக்கோட்டைப் பக்கம். வீடுகளைப் பராமரிக்கும் காண்ட்ராக்ட் எடுத்த ஒரு சின்னக் கம்பெனியில் விசா கிடைத்தது. ஃபர்வானியாவில் ஒரு ரூமில் ஒன்பது பேர் படுத்திருந்தோம். காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். கோடை முழுக்கக் கூரை ஒழுகல், குழாய், ஏசி வைக்கச் சுவர் உடைப்பது. அக்டோபர் பிறந்ததும் புகைபோக்கி.

வெளியே செங்கல் தெரிகிற புகைபோக்கிக்குள்ளே சுட்ட மண்ணால் ஆன குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். லைனர் என்போம். புகையும் சூடும் சுவருக்குள் போகாமல் நேரே மேலே போக வேண்டும், அதற்குத்தான் அது. மேலேயிருந்து கயிற்றில் இரும்புக் குண்டு கட்டிய பிரஷை இறக்கி இழுத்தால் கரி உதிரும். குவைத்தில் கரியைவிட மணல்தான் அதிகம் உதிரும். கோடையின் தூசிப் புயல் அத்தனையும் உள்ளே குடியிருக்கும், கூடவே புறாக்கூடு. எல்லாம் அள்ளிய பிறகு, கீழே அடுப்புக்குள் தலையை விட்டு, கண்ணாடியும் டார்ச்சும் பிடித்து மேலே பார்க்க வேண்டும். இணைப்புகளில் சின்ன விரிசல் என்றால், சாக்கில் துணியை அடைத்துப் பந்தாக்கி, அதன் மேல் கலவையைக் கொட்டிக் கீழிருந்து மேலே இழுப்போம். போகிற வழியெல்லாம் கலவை இடுக்கில் ஏறி அப்பிக்கொள்ளும். குழாயே உடைந்திருந்தால் இந்த வித்தை செல்லாது. சுவரை உடைத்துக் குழாயை மாற்ற வேண்டும். அதுவரை அடுப்பை மூட்டவே கூடாது.

வேலை எனக்குச் சுலபமாக வந்தது. பேச்சுதான் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசப் போன கூட்டத்தில் நானும் ஒருத்தன், வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். அந்த வீரம் குவைத்தில் இறங்கிய முதல் நாளே இறங்கிவிட்டது. எங்கள் ஃபோர்மன் கராச்சிக்காரர். அவருக்கு உருது, எனக்குத் தமிழ். நடுவில் பத்துப் பதினைந்து சொற்களை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினோம். பாய், ஜல்தி, அச்சா, யல்லா, மாஃபி. எல்லாவற்றுக்கும் மேலே கலாஸ். சோறு தீர்ந்தால் கலாஸ், வேலை முடிந்தால் கலாஸ், டிரில் மெஷின் எரிந்துபோனாலும் கலாஸ். அந்தச் சொல்லை என்னைப்போல் யாருக்கும் உபயோகிக்கத் தெரியாது என்று ரூமில் பெருமை வேறு அடித்துக்கொள்வேன்.

அந்த வருஷம் நவம்பரில் ஒரு பங்களாவுக்கு அனுப்பினார்கள். கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. நான் "சிம்னி, மேடம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க தமிழா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வந்து பதினாலு மாதத்தில் ஒரு பெண்குரல் தமிழில் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது.

"ஆமாம்மா. புதுக்கோட்டைப் பக்கம்."

"நாங்க மெட்ராஸ். வாங்க, உள்ள வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், கரி வேலைதானே."

மதியம் வரை மேலும் கீழும் ஏறி இறங்கினேன். மூன்று வாளி மணல் வந்தது. பிறகு கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். அடுப்புக்கு நாலடி மேலே ஒரு குழாய் நெடுக்கப் பிளந்து, பாதித் துண்டு சரிந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்பக்கச் செங்கலின் இடுக்கில் கலவையே இல்லை. விரலை விட்டால் விரல் போனது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கை அறை. அடுப்பை மூட்டினால் போகிற காற்றில் பாதி அந்த அறைக்குத்தான் போகும். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை.

கைகழுவி வந்தபோது அந்த அம்மா தட்டில் தயிர்சாதமும் வடுமாங்காயும் வைத்திருந்தார். நான் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் வாசற்படியில் நின்றபடி பேசினார். ஊரில் மழை உண்டா, எத்தனை பிள்ளைகள், லீவு எப்போது என்று. எனக்கும் பெண் குழந்தைதான், பிறந்ததிலிருந்து நான் இன்னும் முகம் பார்க்கவில்லை என்றேன். "ஐயோ, போட்டோவாவது வந்துச்சா?" என்றார். பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, மூக்கு உங்களுக்குத்தான் என்றார். பதினாலு மாதமாக வாயில் பூட்டிக் கிடந்த பேச்செல்லாம் கொட்டிற்று. என் மாமியாரின் சண்டை, ரூமில் சமையல் முறை, கறிவேப்பிலை கிடைக்காத கொடுமை என்று என்னென்னவோ சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

புகைபோக்கியைப் பற்றிச் சொல்லவில்லை.

ஃபோர்மன் எங்களுக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார். பழுது எதுவானாலும் என்னிடம் சொல், வீட்டுக்காரர்களிடம் வாயைத் திறக்காதே, அவர்கள் உடனே ஆபீசுக்குப் போன் போட்டு என்னைச் சாகடிக்கிறார்கள் என்று. அந்தக் கட்டளைக்குப் பயந்தேன் என்றுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு நிஜமில்லை. அந்தப் பேச்சு அவ்வளவு நன்றாக இருந்தது, அதற்கு நடுவில் உடைசல் கதையைக் கொண்டுவர மனம் வரவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா, "குளிர் வர்றதுக்குள்ள முடிச்சுட்டீங்க, நல்லதாப் போச்சு. குழந்தைக்குச் சளி விடவே மாட்டேங்குது" என்றார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வேனில் ஃபோர்மன் இருக்கிறார், அவரிடம் சொன்னால் நாளைக்கே அடுப்பை அடைக்க ஆள் வரும் என்ற நினைப்பு.

வேனில் ஃபோர்மன் லிஸ்ட்டை மடியில் வைத்திருந்தார். "க்யா ஹுவா?" என்றார், என்ன ஆச்சு என்று.

"சிம்னி கலாஸ், பாய்."

"அச்சா, கலாஸ்?"

"கலாஸ், கலாஸ்" என்று கையை வேறு விரித்துக் காட்டினேன். டிரில் மெஷின் எரிந்தபோது காட்டியது போலவே.

"யல்லா" என்று லிஸ்ட்டில் ஒரு கோடு போட்டார். வேன் அடுத்த வீட்டுக்குக் கிளம்பியது.

மறுநாள் என்னை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு மதில் சுவர். அந்த வீட்டில் சுவரை உடைத்துக் குழாயை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விசாரிக்கத் தோன்றவில்லை. ஒருநாள் வேன் அந்தத் தெரு வழியாகப் போனபோது கொடியில் குழந்தையின் சட்டைகள் காய்வதைப் பார்த்தேன். அடுத்த வருஷமும் இந்த வீட்டுக்கே அனுப்பினால் தேவலை என்று ஆசைப்பட்டேன்.

டிசம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை ஃபோர்மன் எங்கள் ரூமுக்கே வந்துவிட்டார். அவர் அங்கே வந்ததே இல்லை. முகம் வெளுத்திருந்தது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கணப்பில் மரக்கரி போட்டிருக்கிறார்கள், படுக்கை அறையில் தூங்கிய அந்த அம்மா எழுந்திருக்கவில்லை என்று கையாலும் உருதுவாலும் சொன்னார். முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன்.

"நான்தான் கலாஸ்னு சொன்னேனே பாய்! உடைஞ்சு போச்சுன்னு சொன்னேனே!" என்று தமிழிலேயே கத்தினேன். ரூமில் இருந்த கேரளத்துக்காரர் அதை அவருக்கு எடுத்துச் சொன்னார்.

ஃபோர்மன் என்னை அப்படியே பார்த்தார். "தும் போலா கலாஸ்" என்றார். "கலாஸ் மானே காம் கதம்." நீதான் கலாஸ் என்றாய், கலாஸ் என்றால் வேலை முடிந்தது என்றுதான் அர்த்தம். அவர் அதைத்தானே எழுதுவார்? வேறு எதை எழுதுவார்? அவர் மேல் கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை. அந்த ஆள் குந்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

போலீஸ் கம்பெனிக்கு வந்து ஒரு தடவை கேட்டது. லிஸ்ட்டில் வேலை முடிந்தது என்று கோடு இருந்தது. மூடிய வீட்டில் மரக்கரி எரித்ததால் நேர்ந்த விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். புகை வந்திருந்தால் இருமியாவது எழுந்திருப்பார். புதுவெள்ளை அடித்த சுவர் கறுக்கக் கூடாது என்று புகையில்லாத கரியாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். மரக்கரியின் விஷத்துக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

நாலு நாள் கழித்து, மதில் சுவர் வேலை நடந்த இடத்துக்கு ஒரு கார் வந்தது. இறங்கியவர் ஒல்லியாக, கண்ணாடி போட்டிருந்தார். சவரம் செய்யாத முகம். பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நேரே என்னிடம் வந்தார். அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இருந்தாலும் யாரென்று தெரிந்துவிட்டது. கையிலிருந்த கரணையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எங்க வீட்டுக்குச் சிம்னி பாக்க வந்தது நீங்கதானே?"

"ஆமா சார்."

"அவ சொல்லியிருக்கா. ஒரு தமிழ்க்காரர் வந்தாரு, பாவம், குழந்தையையே பாக்கலையாம்னு." திரும்பிக் காரைப் பார்த்துக்கொண்டார். "நான் சண்டைக்கு வரல. நாளைக்கு அவள எடுத்துக்கிட்டு ஊருக்குப் போறேன். அடுப்புக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தேன், மேல குழாய் உடைஞ்சு கிடக்கு. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அன்னிக்கு அது உடைஞ்சிருந்தது உங்களுக்குத் தெரியுமா? அவகிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியும், சொல்லவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். போலீஸ், ஜெயில், விசா, முகம் பார்க்காத என் மகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடின.

"சொன்னேன் சார்" என்றேன். "மூட்டக் கூடாதுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால், பொய் சொல்லாதே, அவள் அப்படி மறக்கிறவள் இல்லை என்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப என்கிட்ட சொல்லியிருப்பா" என்றார். "ராத்திரி நான் ஆபீஸ்லேர்ந்து வந்தா ஏதாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பா. நான் பேப்பர் பாத்துக்கிட்டே ம் ம்னு சொல்லுவேன். அன்னிக்கும் அப்படித்தான் ம்னு சொல்லியிருப்பேன்."

நான் கரணையில் காய்ந்திருந்த கலவையை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். நீ தூங்கு, நான் குழந்தையக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். குளிருதுன்னா. அடுப்ப மூட்டினது நான்தான். ஜன்னலெல்லாம் சாத்தினதும் நான்தான். அவ என்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. நீ படுன்னுட்டு வந்துட்டேன்."

பிறகு என் கையைப் பிடித்தார். சிமெண்ட் ஒட்டிய கை. "உங்க மேல தப்பில்ல. நீங்க சொல்லியிருக்கீங்க" என்றார். காரில் ஏறினார். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அவர் வண்டியை எடுக்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்போதுகூட ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், பத்தடி தூரம்தான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கார் போய்விட்டது.

அவர் இருந்தால் இன்றைக்கு எண்பதை நெருங்கியிருப்பார். அந்தக் குழந்தைக்கு ஐம்பது வயதிருக்கும். அம்மா எப்படிப் போனாள் என்று அது கேட்டிருக்கும். அம்மா எச்சரித்தாள், நான்தான் காதில் வாங்கவில்லை என்று அவர் சொல்லியிருப்பார். அப்படிச் சொல்கிற மனிதர்தான் அவர். ஐயா, உங்கள் மனைவி உங்களிடம் எதுவும் சொல்ல வரவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. நான் சொல்லவே இல்லை.